பாலூட்டிப் படநூல்கள் சேர்ப்பவர்கள் வாருங்கள்: ஒன்பது தொகுதியா, இரண்டு தொகுதியா?

மலையணில் | சனி, இரவு 9.42

வணக்கம். இரண்டு வருடமாகச் சத்தமில்லாமல் இங்கே படித்துக்கொண்டிருந்தவன், இன்றைக்குத்தான் கேள்வியோடு வந்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற வன அலுவலர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது, பார்சிலோனாவின் லிங்க்ஸ் பதிப்பகம் போட்ட 'ஹேண்ட்புக் ஆஃப் த மேமல்ஸ் ஆஃப் த வேர்ல்ட்' வரிசையில் இரண்டு தொகுதி என் கைக்கு வந்தது. ஒன்று, ஊனுண்ணிகளுக்கான முதல் தொகுதி. இன்னொன்று, குரங்கினங்களுக்கான மூன்றாம் தொகுதி. அன்றிலிருந்து புத்தி கெட்டுவிட்டது. இரவு சாப்பிட்டு முடித்ததும் மடியில் ஒரு தலையணை, தலையணைமேல் புத்தகம். மரநாய்களுக்கு மட்டும் ஒரு வாரம் ஆனது.

இப்போது வெளியூர் ஆள் ஒருவர் 2ஆம் தொகுதியும் 9ஆம் தொகுதியும் விற்கிறார். ஒன்று ஒன்பதாயிரம் சொல்கிறார். ஒன்பது தொகுதியையும் சேர்ப்பது நடக்கிற காரியமா? இல்லை, அதே பதிப்பகம் 2020இல் போட்ட இரண்டு தொகுதிப் பட்டியல் நூலை வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமா?

மூஞ்சூறு | சனி, இரவு 9.50

வீட்டில் கேட்டுவிட்டீர்களா?

மலையணில் | சனி, இரவு 9.53

கேட்டேன். "அலமாரிக்கு மேல் அலமாரி கிடையாது" என்று பதில் வந்தது. ஒன்பது தொகுதிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று இன்னும் சொல்லவில்லை.

பழுப்புத்தாள் | சனி, இரவு 11.15

தம்பி, கேள்வி சரி. ஆனால் அந்த இரண்டும் ஒரே பொருளின் பெரிசும் சிறிசும் இல்லை. நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஹேண்ட்புக் 2009இல் தொடங்கி 2019இல் முடிந்தது. டான் வில்சனும் ரஸ்ஸல் மிட்டர்மையரும் முதன்மைப் பதிப்பாசிரியர்கள். படங்களில் பெரும்பகுதி டோனி லோபெட் என்ற கட்டலான் ஓவியர் வரைந்தவை. ஒரு மனிதனின் கை பத்து வருடத்துக்கு மேல் விலங்குகளையே வரைந்தது என்றால் பாருங்கள். இதே பதிப்பகம் அதற்கு முன்பே தொடங்கிப் பறவைகளுக்குப் பதினாறு தொகுதி போட்டது. அந்த அனுபவம் இதில் தெரியும்.

ஒவ்வொரு தொகுதியிலும் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். குடும்பத்துக்கு முதலில் நீண்ட கட்டுரை: உடலமைப்பு, வாழிடம், உணவு, இனப்பெருக்கம், மனிதனோடு உறவு. நடுநடுவே புகைப்படங்கள். அதற்கப்புறம் பிளேட், அதாவது பல இனங்களை வரிசையாக வரைந்த முழுப்பக்க வண்ணப்படம். அப்புறம் ஒவ்வொரு இனத்துக்கும் தனிக்குறிப்பும் பரவல் வரைபடமும். 2020இல் வந்த இரண்டு தொகுதி என்ன செய்கிறது என்றால், அந்தப் படங்களையும் வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு, பெயர்களைப் புதுப்பித்து, குடும்பக் கட்டுரைகளை விட்டுவிடுகிறது. 2023இல் இன்னும் சுருக்கி ஒரே தொகுதியாகவும் வந்தது. அதாவது மீன் குழம்பில் மீனை மட்டும் எடுத்துத் தட்டில் வைத்தது மாதிரி. மீன் வேண்டுமென்றால் சரி. எனக்குக் குழம்புதான் முக்கியம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. எந்த விலங்கு எந்தத் தொகுதியில் என்று பார்த்து வாங்குங்கள். 2ஆம் தொகுதியின் பெயர் குளம்பிகள். ஆனால் யானை, எறும்புதின்னி அதாவது நம் அலங்கு, ஆப்பிரிக்காவின் ஆர்ட்வார்க் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. சீல்கள் ஊனுண்ணிதானே என்று முதல் தொகுதியில் தேடினால் கிடைக்காது. திமிங்கிலத்தோடும் கடற்பசுவோடும் 4ஆம் தொகுதிக்குப் போய்விட்டன. கடல் நீர்நாய் மட்டும் போகவில்லை, சொந்தக்காரர்களான மற்ற நீர்நாய்களோடு முதல் தொகுதியிலேயே நிற்கிறது. கொறிக்கும் பிராணிகளை 6, 7 என்று இரண்டாக வெட்டினார்கள். அணில் 6இல், எலி 7இல். எலிக்கு மட்டும் ஆயிரத்துச் சொச்சம் பக்கம்.

மூஞ்சூறு | சனி, இரவு 11.21

என் ஆள் எந்தத் தொகுதி? எலியோடு சேர்த்து 7ஆம் தொகுதியில் போட்டிருந்தால் வழக்குப் போடுவேன்.

பழுப்புத்தாள் | சனி, இரவு 11.30

எலி இல்லை, பயப்படாதீர்கள். 8ஆம் தொகுதி. முள்ளெலி, அகழெலி, அப்புறம் தென் அமெரிக்காவின் தேவாங்குபோல் நகரும் ஸ்லாத், எறும்புண்ணி (நம் அலங்கு இல்லை), ஆர்மடில்லோ எல்லாம் உங்களோடு ஒரே வண்டியில்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 7.05

காலை வணக்கம். நான் எப்போதும்போல வில்லன் வேடம்.

2005இல் வில்சனும் ரீடரும் பதிப்பித்த உலகப் பட்டியலில் இருந்த பாலூட்டி இனங்கள் 5,416. 2018இல் இன்னொரு குழு எண்ணியபோது 6,495. பதின்மூன்று வருடத்தில் ஆயிரத்துக்கு மேல் கூடியிருக்கிறது. இந்த வேகத்தில் ஓடுகிற துறைக்கு அச்சுப் புத்தகம் எதற்கு? அந்தக் குழுவின் பாலூட்டிப் பன்மைத் தரவுத்தளம் இணையத்தில் இலவசம். அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள்.

மலையணில் வைத்திருக்கும் இரண்டு தொகுதியையே பாருங்கள். முதல் தொகுதி 2009. ஒலிங்கிட்டோ என்ற ஆண்டிஸ் மலைக்காட்டு விலங்குக்கு 2013இல்தான் பெயர் வைத்தார்கள். அது உங்கள் நூலில் இருக்காது. மூன்றாம் தொகுதி 2013. சுமாத்திராவின் தபானுலி ஒராங்குட்டான் தனி இனம் என்று 2017இல் அறிவித்தார்கள். அதுவும் இருக்காது. ஒன்பதையும் சேர்த்து முடிக்கும்போது முதல் தொகுதி தாத்தா ஆகியிருக்கும். இன்னும் ஏழு வேண்டும், ஏழு பெருக்கல் ஒன்பதாயிரம், அறுபத்து மூவாயிரம். அந்தப் பணத்தில் நான்கு முறை வால்பாறை போய் நேரிலேயே பார்த்துவிட்டு வரலாம்.

சருகுமான் | ஞாயிறு, காலை 9.20

கணக்குப்பிள்ளை அண்ணா சொல்வதில் பாதி சரி. களத்தில் வேலை செய்கிறவள் என்ற முறையில் மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

எண் கூடுவதெல்லாம் புது விலங்கு கிடைப்பதால் அல்ல. பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை இரண்டாகவோ நான்காகவோ பிரிப்பதால். 2ஆம் தொகுதி இதற்கு நல்ல சாட்சி. ஆடு, மாடு, மான்போன்ற இரலைகள் அடங்கிய போவிடே குடும்பத்தில் 2005 பட்டியலில் 143 இனம். 2011இல் வந்த அந்தத் தொகுதியில் 279. காலின் குரோவ்ஸும் பீட்டர் கிரப்பும் செய்த புது வகைப்பாட்டை அப்படியே ஏற்றார்கள். கிளிப்ஸ்பிரிங்கர் என்று ஆப்பிரிக்காவில் பாறைமேல் நுனிக்காலில் நிற்கும் சின்ன விலங்கு ஒன்று இருக்கிறது. அதுவரை ஒரே இனமாக இருந்தது, அதில் 11. பல ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, சண்டை இன்னும் ஓயவில்லை.

அதனால் அந்தத் தொகுதி வீணா என்றால், எனக்கு அதுதான் பயன்படுகிறது. ஒரு நிலப்பகுதி விலங்குக்கும் அடுத்த பகுதி விலங்குக்கும் நிறத்தில், கொம்பில் என்ன வித்தியாசம் என்று தனித்தனியாக வரைந்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதை இனம் என்று சொல்லுங்கள், துணையினம் என்று சொல்லுங்கள், படம் மாறாது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்திருந்தால் ஒரே ஒரு கிளிப்ஸ்பிரிங்கரை வரைந்துவிட்டு அடுத்த பக்கம் போயிருப்பார்கள்.

தரவுத்தளத்தில் பெயர் கிடைக்கும். கொம்பின் வளைவு கிடைக்குமா, சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 9.41

புகைப்படம் கிடைக்கும். ஆயிரக்கணக்கில், இலவசமாக.

பழுப்புத்தாள் | ஞாயிறு, மதியம் 2.10

சாப்பிட்டுவிட்டு வந்தேன், இனிமேல் விட மாட்டேன்.

புகைப்படம் ஒரு விலங்கின் ஒரு நிமிடம். வெயில் பட்டால் செம்மை கூடும், நனைந்தால் கறுக்கும், கேமராவைப் பார்த்தால் வால் தெரியாது. பிளேட் அப்படி இல்லை. எல்லா விலங்கும் ஒரே பக்கம் திரும்பி, ஒரே வெளிச்சத்தில், ஒன்றுக்கொன்று அளவொத்து நிற்கும். பன்னிரண்டு கீரியைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்தான் எதன் வால்நுனி கறுப்பு, எதன் கழுத்தில் கோடு என்று கண் தானாகக் கண்டுபிடிக்கும். எந்தக் காட்டிலும் பன்னிரண்டு கீரி அப்படி வரிசையில் நிற்காது.

புகைப்படத்தாலேயே ஒரு நூலைக் கட்டிய ஆள் இருக்கிறார், அவரையும் சொல்லிவிடுகிறேன். எர்னெஸ்ட் வாக்கர், வாஷிங்டன் தேசிய உயிர்க்காட்சிச்சாலையின் துணை இயக்குநராக இருந்தவர். உலகத்தின் ஒவ்வொரு பாலூட்டிப் பேரினத்துக்கும், அதாவது நெருங்கிய இனங்களின் ஒவ்வொரு கூட்டத்துக்கும், ஒரு படமாவது வேண்டும் என்று முப்பது வருடம் அலைந்தார். 1964இல் மூன்று தொகுதியாக வந்தது. என்னிடம் இருப்பது ரொனால்ட் நோவாக் திருத்திய 1999ஆம் வருட ஆறாம் பதிப்பு, இரண்டு தொகுதி, எல்லாம் கறுப்பு வெள்ளை. உயிரோடு படம் கிடைக்காத விலங்குக்கு அருங்காட்சியகத் தோலைப் படமெடுத்துப் போட்டிருப்பார்கள். பஞ்சு அடைத்த எலி ஒன்று கையைக் காலை நீட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்கும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும்.

படம் வரைந்தாலே சரி என்றும் சொல்ல மாட்டேன். 1515இல் இந்தியக் காண்டாமிருகம் ஒன்று கப்பலில் லிஸ்பன் போனது. ஜெர்மனியில் இருந்த ஓவியர் டியூரர் அதைக் கண்ணால் பார்க்காமல், யாரோ எழுதிய கடிதத்தையும் ஒரு கிறுக்கலையும் வைத்து மரக்கட்டை அச்சுப்படமாகப் போட்டார். உடம்பெல்லாம் இரும்புக் கவசம், தோளில் தேவையில்லாமல் ஒரு குட்டிக் கொம்பு. 1551இல் கெஸ்னர் என்ற சுவிஸ் அறிஞர் தன் விலங்கு நூலில் அதையே போட்டார். அப்புறம் இருநூறு வருடம் ஐரோப்பா முழுக்க எல்லோரும் அந்தத் தோள்கொம்பைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். ஊரில் உண்மையான காண்டாமிருகம் வந்து நின்ற பிறகும்.

கணக்குப்பிள்ளை ஒலிங்கிட்டோவைச் சொன்னாரே, அதன் கதையும் இப்படித்தான். அது அருங்காட்சியக இழுப்பறைகளில் வேறு பெயரோடு பல காலம் கிடந்தது. 1960-70களில் ஒரு பெண் ஒலிங்கிட்டோ அமெரிக்க உயிர்க்காட்சிச்சாலைகளில் உயிரோடே இருந்தது. அதன் உறவினமான ஒலிங்கோ என்று நினைத்து ஒலிங்கோ ஆணோடு ஜோடி சேர்க்கப் பார்த்தார்கள். அது கண்டுகொள்ளவே இல்லை. ஒலிங்கிட்டோ இல்லாத உங்கள் 2009 தொகுதியில் ஒலிங்கோ பக்கத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள் மலையணில். ஒலிங்கிட்டோவுக்குப் பெயர் வைப்பதற்கு முந்தைய கடைசி வருடங்கள் அதில் இருக்கின்றன. புதுப்பித்த தரவுத்தளம் அந்தப் பக்கத்தை அழித்துவிடும், என் அலமாரி அழிக்காது.

மூஞ்சூறு | ஞாயிறு, மதியம் 2.16

அந்தப் பெண் ஒலிங்கிட்டோவுக்குத் தெரிந்திருக்கிறது, விஞ்ஞானிகளுக்குத்தான் தெரியவில்லை.

தேவாங்கு | ஞாயிறு, மாலை 5.48

கொழும்பிலிருந்து வணக்கம். உலகத் தொகுதிகளைப் பற்றிக் கதைக்கிறீர்கள், ஒரு தீவின் நூல் எப்படி இருக்கும் என்று நானும் ஒன்று சொல்கிறேன்.

டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் என்று ஒரு தேயிலைத் தோட்டத்துரை இலங்கையில் இருந்தவர். 1935இல் இலங்கைப் பாலூட்டிகளுக்கு ஒரு கைநூல் எழுதினார். அதன் முதற்பதிப்பு மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடையில் எனக்கு ஒரு நாள் கிடைத்தது. அட்டை இல்லை, முதுகில் துணி ஒட்டியிருந்தது. உள்ளே யாரோ பென்சிலால் ஓரத்தில் தான் கண்ட இடங்களையும் திகதிகளையும் குறித்து வைத்திருக்கிறார். மரநாய்ப் பக்கத்தில் "கூரையில்" என்று தமிழில் ஒரு சொல். வேறொன்றும் இல்லை. அந்தச் சொல்லுக்காகவே அந்த நூலை நான் விற்க மாட்டேன்.

அதே இலங்கைக்கு 2013இல் அசோக யாப்பா எழுத, காமினி ரத்னவீர வண்ணத்தில் வரைந்த பெரிய நூல் வந்தது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் வைத்துச் செந்தேவாங்குப் பக்கத்தைத் திறப்பேன். பழசில் அளவுகள்: தலை எவ்வளவு, பின்னங்கால் எவ்வளவு, தோல் யாரிடம் இருக்கிறது. புதுசில் அது கொடியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறது. மலையணில் தம்பி, ஒன்பது தொகுதி வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் ஊர் விலங்குக்கான பழைய நூல் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

சருகுமான் | ஞாயிறு, மாலை 6.30

அக்கா சொன்னதுதான் நானும் சொல்ல வந்தது. இந்தியாவுக்கு என்றால் பிரேட்டர். எஸ். எச். பிரேட்டரின் 'த புக் ஆஃப் இந்தியன் அனிமல்ஸ்', பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1948இல் போட்டது. அவர் அப்பா நீலகிரியில் காப்பித் தோட்டம் வைத்திருந்தவர். 1971இல் வந்த மூன்றாம் பதிப்பு பின்னால் பலமுறை அச்சானதால் பழைய கடைகளில் இன்றும் சுலபமாகக் கிடைக்கும். பால் பார்ருவேல் என்ற பிரெஞ்சுக்காரர் வரைந்த வண்ணப்பக்கங்கள். எங்கள் தலைமுறைக்குப் பல பேருக்கு முதல் பாலூட்டி நூலே அதுதான்.

அதில் வரையாட்டின் பெயரைப் பாருங்கள்: ஹெமிட்ராகஸ் ஹைலோகிரியஸ். இமயமலைத் தார் ஆட்டோடு ஒரே பேரினம். 2005இல் மரபணுவைப் பார்த்தபோது நம் வரையாடு செம்மறிக்குத்தான் நெருக்கம் என்று தெரிந்து, தனியாக நீல்கிரிட்ராகஸ் என்று பேரினம் வைத்தார்கள். உலகத்தில் அந்தப் பேரினத்துக்கு அது ஒன்றே. ஹேண்ட்புக்கின் 2ஆம் தொகுதியில் புதுப்பெயர். இரண்டு நூலும் பக்கத்தில் இருந்தால் ஆடு அதேதான், முதுகில் வெள்ளி நரை விழுந்த அதே கிழக்கிடாய். பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது.

கொஞ்சம் ஆழமாக வேண்டுமென்றால் நாங்குநேரிக்காரர் ஜான்சிங் அவர்களும் நிமா மஞ்ச்ரேகரும் பதிப்பித்த தெற்காசியப் பாலூட்டிகள், இரண்டு தொகுதி. படம் பார்க்க அல்ல, படிக்க. பையில் போட்டுக் காட்டுக்குத் தூக்கிப் போக விவேக் மேனனின் கையேடு. ஹேண்ட்புக்கைக் காட்டுக்குத் தூக்கிப் போனால் அன்றைக்குக் காடு பார்க்க முடியாது, முதுகு பார்க்கத்தான் நேரம் இருக்கும்.

வெள்ளக்கரை | ஞாயிறு, இரவு 8.05

எல்லோரும் வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இழந்ததைச் சொல்கிறேன்.

2015 டிசம்பர். அடையாற்றங்கரைப் பக்கம் தரைத்தள வீடு. ராத்திரி தண்ணீர் ஏறியபோது பத்திரம், சான்றிதழ், மாத்திரை, அம்மாவின் மூக்குக்கண்ணாடி என்று மாடிக்குக் கொண்டுபோனோம். புத்தக அலமாரியின் கீழ்த்தட்டை யாரும் நினைக்கவில்லை. கனமான புத்தகம் எல்லாம் கீழ்த்தட்டில்தானே இருக்கும்? 1984இல் டேவிட் மெக்டொனால்ட் பதிப்பித்த பாலூட்டிக் கலைக்களஞ்சியம் அங்கேதான் இருந்தது. சம்பளக்காரனான முதல் வருடம் திருவல்லிக்கேணி நடைபாதையில் பேரம் பேசி வாங்கியது.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் சேற்றிலிருந்து எடுத்தேன். பரவாயில்லை, காய்ந்தால் சரியாகிவிடும் என்று மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. ஆர்ட் பேப்பரின் பளபளப்பு, மேலே பூசிய வெள்ளைக் களிமண்ணும் பசையும். நனைந்தால் பூச்சு இளகும், காய்ந்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டும். சாயங்காலம் போய்ப் பார்த்தால் புத்தகம் இல்லை, செங்கல் இருந்தது. தட்டினால் டொக்கென்று சத்தம். கத்தியை விட்டுப் பிரித்துப் பார்த்தேன். ஓநாயின் பாதி முகம் எதிர்ப்பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஈரமாக இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் மெழுகுத்தாள் வைத்துப் பிரித்திருக்க வேண்டும். முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்துவிட்டு, அப்புறம் நிதானமாகப் பார்த்திருக்க வேண்டும். இதெல்லாம் பிற்பாடு ஒரு நூலகர் சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு ஊரில் கரண்டும் இல்லை, உறைபெட்டியும் இல்லை.

பழுப்புத்தாள் | ஞாயிறு, இரவு 8.40

ஐயா, வாயடைத்துப் போய்விட்டது. என் வீடு இரண்டாம் மாடி. ஆனாலும் நாளைக்கே கீழ்த்தட்டைக் காலி செய்கிறேன்.

பராமரிப்புப் பேச்சு வந்ததால் ஒன்றிரண்டு. இந்தப் பெரிய தொகுதிகளை நிற்க வைக்காதீர்கள். நான்கைந்து கிலோ தாள், அட்டையிலிருந்து தொங்கித் தொங்கி முதுகுத் தையல் விட்டுவிடும். படுக்க வையுங்கள், ஒன்றின்மேல் இரண்டுக்கு மேல் வேண்டாம். இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைக்கிறேன், சுவடிக்கு வைத்த பழக்கம். அந்துருண்டை போட்டுப் பார்த்தேன், புத்தகத்தைத் திறந்தால் வேட்டிப் பெட்டி வாசம் வருகிறது, சிங்கத்தின் பக்கத்தில் அது வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்துப் புரட்டுவதுதான் நல்ல மருந்து. பூச்சிக்கு வெளிச்சம் ஆகாது.

மலையணில் | திங்கள், காலை 6.50

எல்லோருக்கும் நன்றி. விற்கிறவர் படங்கள் அனுப்பியிருக்கிறார். அட்டை, முதுகு, நடுப்பக்கம். 2ஆம் தொகுதியில் ஒரு நூலகத்தின் வட்ட முத்திரை இருக்கிறது. பரவாயில்லையா?

பழுப்புத்தாள் | திங்கள், காலை 7.30

முத்திரை எங்கே என்று பாருங்கள். தலைப்புப் பக்கத்தில் என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். சில நூலகங்களில் பிளேட் ஒவ்வொன்றின் நடுவிலும் குத்தியிருப்பார்கள், அது இருந்தால் விட்டுவிடுங்கள். "கழிக்கப்பட்டது" என்று இன்னொரு முத்திரை இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இல்லையென்றால் அது நூலகத்திலிருந்து எப்படி வெளியே வந்தது என்று கேட்க வேண்டியிருக்கும்.

அட்டையைத் திறந்து உள்மடிப்பைப் படமெடுக்கச் சொல்லுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் வாங்கினேன். ஜொனதன் கிங்டன் 1971 முதல் 1982 வரை ஏழு பகுதியாகப் போட்ட கிழக்காப்பிரிக்கப் பாலூட்டிகள் நூலில் ஒரு பகுதி. டான்சானியாவில் பிறந்தவர், தானே எழுதி, தானே வரைந்தார். தோலை உரித்த முகத்தின் தசைநாரைப் பென்சிலில் ஒவ்வொரு இழையாகப் போட்டிருப்பார். அடுத்த பக்கத்தில் அதே முகம் உயிரோடு உறுமும். கடைக்காரர் "நல்ல நிலை" என்றார். பார்சல் வந்தது, வெறும் பழுப்புத்தாள், உள்ளே அட்டைகூட வைக்கவில்லை. நான்கு மூலையும் மொண்ணை. பிரித்தால் பதினாறு பக்கம் கொண்ட ஒரு மடிப்பே இல்லை. பணம் திரும்பி வர மூன்று மாதம் ஆனது. இங்கே என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

பிளேட் இருக்கும் பழைய நூல் என்றால் முன்னால் இருக்கும் பட்டியலோடு ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஆடுபான் என்ற ஓவியரின் வட அமெரிக்க நாற்கால் விலங்குகள் நூல், 1845 முதல் 1848 வரை வந்த பெரிய அளவுப் பதிப்பு, 150 பிளேட். அதைப் பிரித்து ஒவ்வொரு தாளாகச் சட்டம் போட்டு விற்றால் முழு நூலைவிட அதிகப் பணம் வரும் என்று எத்தனையோ பிரதிகளை உரித்துவிட்டார்கள். அந்த வேலை எல்லா ஊரிலும் நடக்கிறது.

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 8.12

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 2019 பட்ஜெட்டில் வந்த 5 சதவீதச் சுங்கத்தையும் கணக்கில் சேருங்கள். தபால் செலவு அதைவிட வலிக்கும், எல்லாம் எடைக்கணக்கு. உள்ளூர் ஆளிடம் வாங்குவதே லாபம்.

(வாங்காதே என்று தொடங்கி எங்கே வந்து நிற்கிறேன் பாருங்கள்.)

சருகுமான் | திங்கள், காலை 8.55

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 9ஆம் தொகுதியை எடுங்கள். வௌவால். 1,400 இனத்துக்கு மேல். பாலூட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வௌவால், ஆனால் மற்ற நூல்களில் அதற்கு ஒரு ஓரம்தான் கிடைக்கும்.

அதில் லாட்டிடென்ஸ் சலீமலி என்று தேடுங்கள். 1948இல் தேனிப் பக்கம் ஹைவேவிஸ் மலையில், அதாவது மேகமலையில், ஒரு தோட்டத்துரை பிடித்துப் பம்பாய்க்கு அனுப்பிய பழந்தின்னி வௌவால். சாதாரணக் குறுமூக்கு வௌவால் என்று சீட்டு ஒட்டி இழுப்பறையில் போட்டுவிட்டார்கள். இருபத்து நான்கு வருடம் அப்படியே கிடந்தது. 1972இல் தாய்லாந்தின் கிட்டி தொங்லொங்யா அதன் பல்லைப் பார்த்துவிட்டு, இது இனம் மட்டுமல்ல, பேரினமே புதிது என்றார். சலீம் அலியின் பெயரை வைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. சீட்டை நம்பாமல் பல்லைப் பார்க்க ஒருவர் பாங்காக்கிலிருந்து வர வேண்டியிருந்தது.

சிங்கைநூலன் | திங்கள், இரவு 10.20

தாமதமாக வந்தேன், ஒரு விஷயம் மட்டும். இந்த உலகத் தொகுதிகளில் தமிழ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது எனக்குப் பொழுதுபோக்கு.

8ஆம் தொகுதியில் மர மூஞ்சூறுகள். அதில் தீபகற்ப இந்தியாவுக்கே உரிய ஒன்று, அனத்தானா எலியோட்டி. சென்னையில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட்டின் பெயர் பின்பாதி. முன்பாதி? "மூங்கில் அணத்தான்" என்ற தமிழ்ப் பெயரிலிருந்து 1913இல் லயன் என்ற அமெரிக்கர் எடுத்தது. பாரிசில் இருந்தாலும் டோக்கியோவில் இருந்தாலும் அந்த விலங்கைக் குறிப்பிட வேண்டுமென்றால் ஒரு தமிழ்ச்சொல்லைச் சொல்லியே ஆக வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தெலுங்கும் உண்டு. பந்தி கொக்கு, பன்றி எலி. அதுதான் பாண்டிகூட் ஆனது. நம் பெருச்சாளி 7ஆம் தொகுதியில். அதே பெயரை ஆஸ்திரேலியாவில் யாரோ ஒரு பைப்பாலூட்டிக்கும் சூட்டிவிட்டதால், அது 5ஆம் தொகுதியில் இன்னொரு பாண்டிகூட். இரண்டுக்கும் சொந்தபந்தம் எதுவும் இல்லை.

பழுப்புத்தாள் | திங்கள், இரவு 10.34

அணத்தானா, அனத்தானா? என் ஆச்சி தென்காசிப் பக்கம் அணிலை "அணத்தான்" என்றுதான் சொல்வாள், மூன்று சுழி.

மூஞ்சூறு | திங்கள், இரவு 10.36

மர மூஞ்சூறு என்று ஒன்று இருக்கிறதா? என் சொந்தக்காரன் மரத்தில் ஏறிவிட்டானா? இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை.

சருகுமான் | திங்கள், இரவு 10.41

உங்கள் சொந்தமில்லை. தனி வரிசை. பெயரில்தான் மூஞ்சூறு.

மூஞ்சூறு | திங்கள், இரவு 10.42

ஒரே புத்தகத்தில் இருக்கிறோம் அல்லவா, அது போதும்.

மலையணில் | சனி, இரவு 9.15

வாங்கிவிட்டேன். 9ஆம் தொகுதி மட்டும். 2ஆம் தொகுதியில் முத்திரை பிளேட்மேலேயே இருந்தது, யானைக் காதில். கழித்த முத்திரையும் இல்லை, விட்டுவிட்டேன். எட்டாயிரத்துக்கு முடித்தோம்.

பேருந்தில் போட்டுவிட்டார்கள். காலை ஐந்து மணிக்கு நிலையத்தில் போய் வாங்கினேன். ஆட்டோக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு "உள்ளே என்ன சார், அம்மிக்கல்லா?" என்றார். வீட்டில் எடை மெஷினில் வைத்துப் பார்க்க ஆசை, ஆனால் எடை தெரிந்தால் விலையும் கேட்பார்கள் என்று வைக்கவில்லை. இப்போதைக்குக் கட்டிலுக்கு அடியில், பலகைமேல், படுக்கையாக இருக்கிறது.

ஹைவேவிஸ் வௌவாலைக் கண்டுபிடித்தேன், சருகுமான். அந்தப் பக்கத்துக்குப் போகும் வழியில் எத்தனை முகம்! இலைபோல மூக்கு, குதிரைலாடம்போல மூக்கு, ஒன்றுக்குக் காது உடம்பளவு. பெண் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பள்ளியில் யாரையோ ஞாபகம் வருகிறது என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்தைப் படமெடுத்துப் போடலாம் என்று பார்த்தேன், டியூப் லைட் அப்படியே தாளில் அடிக்கிறது, வௌவால் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக்கோடு. நாளைக் காலை சன்னல் வெளிச்சத்தில் எடுக்கிறேன்.

மூஞ்சூறு | ஞாயிறு, காலை 6.20

யாரிடமாவது 8ஆம் தொகுதி விற்பனைக்கு இருக்கிறதா? முத்திரை இருந்தாலும் பரவாயில்லை, மூஞ்சூறுமேல் மட்டும் இருக்கக் கூடாது. வீட்டில் இன்னும் கேட்கவில்லை.